இரண்டு மில்லிமீட்டர்

யார்க்டனில் அன்று மைனஸ் முப்பத்தொன்று.
வேன் கதவு இரண்டாவது உதைக்குத்தான் திறந்தது.
புகார்ச் சீட்டில் ஒரே வரி:
"கூட்டம் கத்துகிறது. மனிதர் பேசவில்லை."
ஒன்பது வருஷமாய் இந்த வேலை.
எவரும் இத்தனை துல்லியமாக எழுதியதில்லை.

போக்டானா கதவைத் திறந்து
பூட்ஸைக் கழற்றச் சொல்லிக் கம்பளிச் செருப்பு தந்தாள்.
சோபாவின் இடது மூலையில் லெஸ்டர்.
வலது மூலை அவளுடையது; நடுவில்
விரித்த செய்தித்தாள்.
ஹாக்கி ஓடிக்கொண்டிருந்தது:
பனியைக் கீறும் இரும்பு,
பலகையில் மோதும் தோள்,
பதினெட்டாயிரம் தொண்டை.
வர்ணனையாளர் மட்டும்
கிணற்றில் விழுந்தவர்போல் எங்கோ அடியில்.
வேறு சேனல் வைத்தேன்.
விளம்பரத்தில் பூனைத் தட்டில் தீனி விழும் சத்தம்
கலகலவென்று வந்தது.
போட்டவள் ஊமை.

எல்லாரும் செய்வதை முதலில் செய்தேன்.
பெட்டியை அணைத்து முப்பது எண்ணிப் போட்டேன்.
சரவுண்டை ஸ்டீரியோ ஆக்கினேன்.
கேபிளை மாற்றினேன், பழையதையே திரும்ப மாட்டினேன்.
கடைசியில் டிவியின் முதுகுக்குப் பின்னால் கையை விட்டேன்.
தூசி. ஒரு பென்சில்.
யாரோ அனுப்பிய கிறிஸ்துமஸ் அட்டை.
ஸ்பீக்கர் பின்,
முழுக்க இறங்காமல்
இரண்டு மில்லிமீட்டர் வெளியே.

எர்த் தொடாவிட்டால்
இடதும் வலதும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும்.
இரண்டிலும் சமமாய் இருப்பது காணாமல் போகும்.
பேச்சைத்தான் எப்போதும் சமமாய் வைப்பார்கள்,
நட்டநடுவில்.
ஓரங்கள் பிழைத்துக்கொள்ளும்.

அழுத்தினேன். க்ளிக்.
"...வலப்பக்கம் தள்ளுகிறார், சுற்றி வருகிறார், அடித்..."
போக்டானா கைதட்டினாள்.
எனக்கு ஆறு பெரோகி, மேலே வதக்கிய வெங்காயம்.
லெஸ்டர் என் தட்டையே பார்த்திருந்தார்.

பதினோராம் நாள் அதே சீட்டு,
அதே இரண்டு மில்லிமீட்டர்.
பூனையாக இருக்கும் என்றேன்.
பூனை இல்லை என்றாள்.
அப்படியானால் அதிர்வு என்று
கறுப்பு டேப்பை மூன்று சுற்று சுற்றினேன்.

மூன்றாம் முறை போனபோது
டேப் நேர்த்தியாக உரிக்கப்பட்டு
அந்தப் பென்சிலில் சுற்றப்பட்டிருந்தது.
இருந்தாலும் எந்தப் பூனையும் இப்படிச் செய்யாது.

அவள் டீ போடப் போனாள்.
நான் லெஸ்டரைப் பார்த்தேன். அவர் ரிமோட்டை.
"இருபத்தாறு வருஷம் இந்த ஊர் அரங்கில்
பனி மழிக்கும் வண்டி ஓட்டினேன்.
அங்கே எவனும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை.
அடித்தால் அடித்தது கேட்கும்.
வேறென்ன வேண்டும்?"
பிறகு குரலை இறக்கி,
"அந்த ஆள் மூச்சே விடுவதில்லை."

சமையலறையில், கேட்காமலே, அவள்:
"எனக்கு ஹாக்கி பிடிக்காது, தெரியுமா?
இந்த வீட்டில் யாராவது
வாக்கியத்தை முடித்தால் போதும்."

சப்டைட்டில் போடலாமே என்றேன்.
அவருக்கு அது பனியை மறைக்கும்.
அவளுக்கு எழுத்தில் தொண்டை கிடையாது.
ஹெட்போன்?
ஆளுக்கு ஒன்று, ஆளுக்கு ஒரு சத்தம்...
"வேண்டாம்."
இருவரும் ஒரே நொடியில்.
ஒன்றையொன்று கழிக்காமல்
அந்தக் கூடத்தில் நான் கேட்ட ஒரே ஒலி.
அவர்களும் அதைக் கேட்டிருக்க வேண்டும்;
லெஸ்டர் செய்தித்தாளை மடித்தார்,
எதற்கென்று தெரியாமல் மறுபடி விரித்தார்.

பின்னை அழுத்திவிட்டு வெளியே வந்தேன்.
வேனில் உட்கார்ந்து சீட்டை நிரப்பினேன்.
பழுதின் காரணம் என்ற கட்டத்தில்
"தளர்ந்த இணைப்பு" என்று எழுதி அடித்தேன்.
"பயனர்" என்று எழுதி
அதையும் அடித்தேன்.
பேனா மை உறைந்துவிட்டது.
கக்கத்தில் வைத்துச் சூடேற்றினேன்.

டேப்பை அங்கேயே விட்டுவந்தேன்,
பென்சிலோடு.
எப்படியும் போகப்போகிறவன் நான்தான்.
பெரோகியும்
நன்றாகத்தான் இருந்தது.