பன்னிரண்டு சதவீதம் குறித்து

பெறுநர்: வட்டார வளர்ச்சி அலுவலகம், கயானி.
பொருள்: மானியத்தில் சேமித்த பனி குறைந்தது தொடர்பாக.

மார்ச் மாதம் இருபதாயிரம் கனமீட்டர் பனி.
குன்றின் வெயில் படாத பக்கம் குவித்து
நாற்பது சென்டிமீட்டர் மரத்தூள் போர்த்தினோம்.
கோடை தாண்டி எண்பது சதவீதம் எஞ்சும்
என்று விண்ணப்பத்தில் எழுதியது நான்தான்.
எழுபத்தைந்து போடு என்றார் ஒய்வா.
எழுபத்தைந்துக்கு எவர் பணம் தருவார் என்றேன்.

எஞ்சியது அறுபத்தெட்டு.
மீதிக்குக் காரணம் கேட்டிருக்கிறீர்கள்.
படிவத்தில் அதற்கு விட்ட கட்டம்
என் கட்டைவிரல் அகலம்,
ஆகவே தனித்தாள்.

மரத்தூள் எங்கள் ஊருடையது அல்ல.
எங்கள் மர ஆலை பூட்டிப் பதினோரு வருடம்.
நூற்றறுபது கிலோமீட்டர் தாண்டி லாரியில் வந்தது.
ஒய்வா ஒரு பிடி அள்ளி முகர்ந்தார்:
"இதில் பைன் இல்லை. ஈரம் வேறு."
முப்பது வருடம் ரம்பத்தடியில் நின்ற மூக்கு.
பின்பு, இரவென்றே சொல்ல முடியாத ஜூன் இரவுகளில்
வாரியைத் தூக்கிக்கொண்டு தனியே போய்
வெடிப்புகளை மூடினார்.
கூலி கேட்கவில்லை.
கேட்டிருந்தாலும் எந்த வரிசையில் எழுதுவது?

ஜூலை ஒன்பது, முப்பத்தோரு டிகிரி.
அன்று பேருந்து நிறைய வந்தார்கள்,
ஏரியில் குளித்த ஈரத்தோடு:
பனி எங்கே, காட்டுங்கள்.
மூடி வைத்ததைக் காட்டுவதென்றால் தோண்ட வேண்டும்.
ஒரு புகைப்படத்துக்கு ஒரு தள்ளுவண்டிப் பனி.
சுற்றுலாப் பயணியர் எண்ணிக்கையை
உயர்த்தச் சொல்லியிருந்தீர்கள்.
உயர்த்தினேன்.
மூன்றாம் பத்தி ஏறியது,
ஏழாம் பத்தி உருகியது.

தங்கள் ஆய்வாளர் திரு. தைஸ்தோவும் வந்தார்.
முழங்கை வரை கையை விட்டு
ஒரு பிடி எடுத்தார்.
அது தண்ணீராகி மணிக்கட்டில் இறங்கிச்
சட்டைக்குள் போகும் வரை
ஒன்றும் பேசவில்லை.
அந்தப் பிடியும் பன்னிரண்டில் சேர்த்தி.

ஆகஸ்டில் வறண்டு கிடக்கும் வாய்க்கால்
இந்த வருடம் ஓடியது.
கொசுக்கள் உங்களுக்கு நன்றி சொல்லியிருக்கும்.

அக்டோபர் பதினொன்றாம் தேதி
சுற்றிலும் பழுப்புப் புல்,
நடுவே ஒன்றரைக் கிலோமீட்டர் வெள்ளை நாடா விரித்தோம்.
காலை எட்டு முதல் மாலை ஆறு வரை
ஜெர்மன் அணி, எஸ்தோனிய அணி.
விடுதியின் இருபத்திரண்டு அறைகளும் நிரம்பின;
சமையற்காரியை ஓய்விலிருந்து திரும்ப அழைத்தார்கள்.
ஆறு மணிக்கு மேல், விளக்கு வெளிச்சத்தில்,
எங்கள் பிள்ளைகள். ஒன்பது பேர்.

கிழக்கு வளைவில் மரத்தூள் கலந்த ஓரிடம் உண்டு,
காப்பி சிந்திய மேசைவிரிப்பு மாதிரி.
அங்கே சறுக்குப் பலகை கடிபடும்.
ஜெர்மானியர் எழுத்து மூலம் புகார் தந்தார்கள்.
ஐலிக்குப் பதினான்கு வயது,
கைத்தடி இரண்டும் வேறு வேறு நீளம்.
முதல் நாள் விழுந்தாள்,
இரண்டாம் நாளும்.
இப்போது அங்கே வந்ததும்
இரு பலகையும் தரை விட்டுத்
துள்ளித் தாண்டுகிறாள்.
பயிற்சியாளர் ஒருவர் அதைப் பார்த்துத்
தன் அணியை வரிசையில் நிறுத்தித் துள்ள வைத்தார்.
'புதுமை' என்ற கட்டத்தில் இதை எழுதலாமா
எனத் தெரியப்படுத்தவும்.

இன்று நவம்பர் பதினாறு.
வானத்துப் பனி இன்னும் வரவில்லை.
போன வருடத்தின் மேல்தான்
பிள்ளைகள் சறுக்குகிறார்கள்.

அடுத்த ஆண்டுக்கு எழுபது என்று குறித்திருக்கிறேன்.
ஒய்வா வாய் திறக்கவில்லை,
ஒரு விரலை மட்டும் கீழ்நோக்கிக் காட்டினார்.

இணைப்பு: எடைச்சீட்டு மூன்று, புகார்க் கடிதம் ஒன்று.
பனி மாதிரி கேட்டிருந்தீர்கள்.
தபாலில் அனுப்ப வழியில்லை.
நேரில் வரவும்.
கையுறை கொண்டுவரவும்.

இப்படிக்கு,
சில்யா ஹெய்க்கிநென்,
ஊராட்சி எழுத்தர், ஹர்மவாரா.