நான்கு கட்டம்

எரிவாயு ரசீதின் பின்பக்கம்
நான்கு கட்டம் போட்டாள் நஸிப்ரோலா.
ருஸ்தாவியில் பனி.
ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே
லிஃப்ட் நின்று பதினோரு நாள்.

முதலாவது: பிரச்சினை என்ன?
'இந்தக் கட்டடத்தில் மனுசரே இல்லை'
என்றெழுதினாள்.
அது பிரச்சினை இல்லை, கோபம்.
அடித்துவிட்டு எழுதினாள்:
'மோட்டார் எரிந்தது. முப்பத்தாறு வீடு.
பணம் தந்தது பத்தொன்பது.'

இரண்டாவது: யாருக்குச் சிரமம்?
நான்காம் மாடியில் குழந்தை வண்டி.
எட்டில் டயாலிசிஸ், வாரம் மும்முறை.
ஒன்பதில்
உருக்காலையில் இடுப்பைத் தொலைத்துவிட்டு வந்த தெங்கிஸ்.

அந்தப் பெயரில் பேனா தயங்கியது.
தேர்தல் நாளில் அவன் சொன்னது ஒரு சொல்,
இவள் திருப்பிச் சொன்னது இரண்டு.
மூன்று வருடமாகப் பேச்சில்லை.

மூன்றாவது: இதில் என் பங்கு?
வேண்டுமென்றே சின்னதாகப் போட்ட கட்டம்.
எழுத்து கோட்டைத் தாண்டி
நான்காவதற்குள் புகுந்து
பாதியைத் தின்றது.

நான்காவது: வியாழனுக்குள் என்ன செய்ய முடியும்?
மிச்சமிருந்த இடத்தில்
இரண்டே சொல் பிடித்தன:
'ரொட்டி. ஒன்பது.'

அடுப்பிலிருந்து வந்த படகு வடிவ ரொட்டியைக்
கோட்டுக்குள் அணைத்துக்கொண்டு ஏறினாள்.
ஏழில் மூச்சு வாங்க நின்றபோது
கதவிடுக்கில் தெரிந்தது
லிஃப்டின் கூரை,
அதன்மேல் யாரோ போட்ட சிகரெட் துண்டுகள்.

ஒன்பதில் தட்டினாள்.
உள்ளே ஊன்றுகோல் வெகுநேரம் நடந்து வந்தது.
'லிஃப்ட் பணமென்றால்
கதவு திறக்காது.'

'ரொட்டி' என்றாள்.

அதற்குமேல்
கட்டத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை.