வருகைப் பதிவேட்டின் பின்பக்கம்

எங்கள் கடவுளை
வேலையில் நாங்கள் பார்த்ததே இல்லை.
மாலை ஏழுக்கு வேன் ஏறினால்
விடிவதற்குள் கேம்ப்பில் இறக்கிவிடும்.
நடுவில் இருப்பதெல்லாம்
இப்ரிக்கு அப்பால் மணல்,
மணலில் கண்ணுக்கெட்டிய மட்டும்
அவர் தின்றுவிட்டுப் போன தட்டுகள்.
சோலார் பேனல் என்று கம்பெனி சொல்லும்.
முதலில் ஓஸ், அப்புறம் பிரஷ், அப்புறம் துணி.
எச்சில் தட்டு கழுவுகிறவர்களுக்கும்
ஒரு மதம் வேண்டுமில்லையா?

நிறுவியவன் நான். பெயர் இருளாண்டி.
சிரிக்கலாம். ஷிபு இன்னும் சிரிக்கிறான்.

ஒரு புழுதிக்காற்றில்
தண்ணீர் லாரிக்கு அடியில்
நாலு மணி நேரம் குப்புறக் கிடந்தோம்.
வாயைத் திறந்தால் மண்.
திறந்தேன்:

ஏழு மலைக்கு அந்தப் பக்கம் ஒரு நாடு.
அங்கே சூரியன்தான் சாமி,
அவரேதான் வட்டிக்கடைக்காரர்.
நிழலுக்கு வரி.
காலையில் பனைமர நீளம் நிழல்,
பனைமர நீளம் கடன்.
பொழுது ஏற ஏறக் கடன் இறங்கும்.
உச்சியில்
நிழல் காலுக்கடியில் போய் ஒளிந்துகொள்ள,
ராஜாவிலிருந்து கழுதை மேய்க்கிறவன் வரை
ஒரு காசு பாக்கியில்லாதவர்கள்.
அந்த ஒரு நிமிடம்தான் கோயில்.
வேறு கட்டடம் கிடையாது.

என் இந்தி, பாதி கையால் பேசுவது.
மொதாலெப் கேட்டான்: மேகம் வந்தால்?
வரி தள்ளுபடி, அன்றைக்குத் திருவிழா.
ராத்திரிக்கு? ஷிபு மடக்கினான்.
யோசிக்காமல் வந்துவிட்டது:
ராத்திரி என்பது சாமியின் சொந்த நிழல்.
அவரும் யாருக்கோ கட்டவேண்டும்.

லாரி ஓட்டும் குல்ஜமான்
எனக்கு ஏற்கெனவே இருக்கிறது,
இதில் என்னைச் சேர்க்காதே என்றார்.
சேர்க்கவில்லை.
கேசர் புன் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை.

வருகைப் பதிவேட்டின் பின்பக்கங்களில்
வேதத்தை எழுதி வந்தேன், தமிழில்.
பக்தர்கள் ஒருவருக்கும் தமிழ் தெரியாது.
அதனால் நடுநடுவே
ஏஜெண்டுக்கு ஒன்றே கால் லட்சம்,
செயின் மீட்க நாற்பதாயிரம் என்று
வீட்டுக்கணக்கும் குறித்துவைத்தேன்.
கேசர் அதையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

ஒன்றை மட்டும் எழுதாமல் விட்டேன்.
மைதானத்தின் நாலு மூலையிலும் டவர் விளக்கு.
எங்களில் ஒவ்வொருவனுக்கும்
நாலு நிழல்.

ஜூனில் பகல் ஷிப்டுக்கு ஆள் குறைந்தது.
இரண்டு ரியால் கூடக் கிடைக்கும் என்று
சூப்பர்வைசரிடம் கை தூக்கினான் கேசர்.
என்னிடம் வேறு சொன்னான்:
உச்சியில் ஒருதரம் நின்று பார்க்கிறேன், பாய்.

பன்னிரண்டரைக்கு வேலையை நிறுத்தவேண்டும்,
கோடையில் அது சட்டம்.
அவன் விழுந்தது பன்னிரண்டு ஐந்துக்கு.

ஒன்பது நாள் ஆஸ்பத்திரி.
திரும்பி வந்தவனை மறுபடி ராத்திரியில் போட்டார்கள்.
யாரும் எதுவும் கேட்கவில்லை.
வேதம் எழுதியவனுக்குத்தான் வாய் சும்மா இருக்காது.
சாமி எப்படி இருந்தார்?

மேலே பார்க்க முடியவில்லை பாய்.
கீழேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.
எல்லாம் போய்விட்டது,
பூட்ஸுக்கு வெளியே
இவ்வளவுதான் மிச்சம்.
விரலில் காட்டினான்,
ஒரு தபால்தலை இருக்கும்.
இன்னும் பத்து நிமிடம் நின்றிருந்தால்...

நான் துணியைப் பிழிந்தேன்.
பிழிந்ததையே பிழிந்தேன்.

கேசர் தன் வரிசைக்குப் போய்
காலைச் சுற்றிலும் பார்த்தான்.
எக், தோ, தீன், சார்.
என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.
பிரஷை எடுத்துக்கொண்டான்.

பின்னால் உருண்டு வந்த லாரி
அவனை நெருங்கும்போது
ஹெட்லைட்டை அணைத்தது.
அவனைத் தாண்டி,
அடுத்த வரிசை திரும்பி,
பிறகு போட்டார்
எங்கள் மதத்தில் சேராத குல்ஜமான்.