பதினான்காம் வளைவு

ஏற்காட்டுப் பாதை, பதினான்காம் வளைவில்
இன்ஜின் ஆறட்டுமென்று பஸ் நின்றபோது
சரிவுப் புல்லுக்குள் கைவிட்டு
ஒரு காய் பறித்தேன்.
கண்டக்டர் பைக்குள், சில்லறையோடு,
சேலம் வரை கிலுகிலுத்து வந்தது.

சூரமங்கலத்தில், துவைகல்லுக்குப் பக்கம்
ஆறு விதை போட்டேன். முளைத்தது ஒன்று.
உரம் வைத்தேன்; இலைதான் கொழுத்தது.
அப்புறம் விட்டுவிட்டேன்.
ஆடிக்காற்றில் சாய்ந்தபோது
ஒட்டடைக் கம்பை முட்டுக் கொடுத்தவள் பாவாயி.
"களைக்கு இத்தனை சீரா" என்று
திட்டிக்கொண்டேதான் கட்டினாள்.

கார்த்திகையில் மதிலைத் தாண்டி மஞ்சள்.
"உங்க கிலுகிலுப்பை
எங்க பக்கம் பூத்திருக்கு" என்றார் ஜெபமணி.
புகாரா, தெரியவில்லை.

இப்போது காய் முற்றிவிட்டது.
ராத்திரி காற்றடித்தால்
யாரோ வெளியே சில்லறை எண்ணுகிறார்கள்.
கணக்கு இடிக்குதோ என்று
தூக்கத்தில் தோளைத் தடவுகிறேன்.