வல்லை வெளியில் ஹீற்றர்

மூன்று கிழமையாய்த் தண்ணீர் குறைகிறது.
கீழே ஒரு சொட்டும் இல்லை.
காலையில் காரை ஒரு முழம் பின்னுக்கு எடுத்துக்
குந்தியிருந்து பார்க்கிறேன்:
சீமெந்து காய்ந்திருக்கிறது,
இரவு விரித்த மட்டையும் காய்ந்திருக்கிறது.
பிறகு ஆர் குடிக்கிறது?

கிணற்றுத் தண்ணீரைத்தான் வார்த்து வந்தேன்.
எங்கள் கேத்தலின் அடியில் வெள்ளையாய்ப் படிகிற
அதே தண்ணீர்.
மந்திகை ஆஸ்பத்திரி லாப்பில்
ஊர்ச்சனத்தின் சிறுநீரில் நாள்முழுக்கப் பளிங்கு எண்ணுகிறவள்,
றேடியேற்றருக்கும் ஒரு வயிறு இருப்பதை
யோசிக்கவேயில்லை.

சித்திரை. வல்லை வெளி.
பாலத்துக்கு இப்பால்
எப்போதும் பாதியில் படுத்திருக்கும் முள்
எழும்பிச் சிவப்பைத் தொட்டது.
நிறுத்தினேன். நிழலென்று இருந்தது
மின்கம்பத்தினது, ஒரு கை அகலம்.
மூடியில் கைவைக்கவில்லை;
கொதிக்கிற ஆளோடு உடனே கதைக்கக் கூடாது,
அவ்வளவு தெரியும்.

ஜெனிற்றனுக்கு எடுத்தேன்.
"முள் இறங்கட்டும் அக்கா.
பிறகு ஒரு நிமிசம் ஸ்ராட் பண்ணி
ஹீற்றரைப் போட்டுப் பாருங்கோ."
"இந்த வெயிலுக்க ஹீற்றரோ?"
"போடுங்கோ. சிவப்புப் பக்கம். முழுக்க."

ஒன்பது வருசமாய் நான் தொடாத குமிழ்.
வந்தது வெளிக்காற்று,
உப்பளவு மணத்தோடு.
"சூடில்லை" என்றேன், நல்ல செய்திபோல.
மறுமுனையில் நாக்கு ஒரு சத்தம் போட்டது.
"அப்ப தண்ணி அங்க போகேல்லை."
எங்கள் தாளில் 'இல்லை' என்று வந்தால்
சனம் கும்பிட்டுக்கொண்டு போகும்.
இது வேறு இல்லை.

நெல்லியடிக் கறாச்சில், மூடியைக் கழற்றித்
தண்ணீர் நிரப்பிக் கைப்பம்பைப் பூட்டி
பதின்மூன்று இறாத்தலுக்கு அடித்தான்.
இரண்டுபேரும் முள்ளைப் பார்த்தபடி நின்றோம்.
பன்னிரண்டு. பதினொன்றரை.
எங்கேயோ போய்க்கொண்டிருந்தது.
ரோச் அடித்து, மேல்குழாய், கீழ்குழாய்,
தண்ணிப் பம்பின் அடிக்கண்.
எண்ணெய்க் கோலை உருவி விரலில் தேய்த்தான்:
பால்நிறம் இல்லை.
"ஹெட் தப்பிச்சுது" என்று சிலுவை போட்டான்;
நெற்றியில் கிறீஸ் பொட்டு.

பிறகுதான் கேட்டான்:
"இடப்பக்கம் ஆர் இருக்கிறது?"
ஆருமில்லை. என் பை. குடை. சனிக்கிழமைகளில் பாரை மீன்.
கம்பளத்தைக் கிளப்பினான்.
ஈரம்.
மீனைத் திட்டியிருக்கிறேன் இதுக்காக.
குடையையும் திட்டினேன், மழை பெய்து
இரண்டு மாதமானதைக் கணக்கெடுக்காமல்.
விரலில் தொட்டு மணந்தேன், தொழிற்பழக்கம்:
எப்போதோ ஊற்றிய கூலன்றின்
மிச்ச இனிப்பு.

டாஷ்போட்டைக் கழற்ற, உள்ளே
கொப்பியளவு குட்டி றேடியேற்றர்,
மூலையில் பச்சைக் களிம்பு.
பக்கத்தில் யப்பான் எழுத்தில் ஒரு துண்டு.
போனைப் பிடித்து மொழிபெயர்த்தோம்:
'பனி விழுமுன் சரிபார்க்கவும்.'
ஜெனிற்றன் வாசலுக்குப் போய்
வானத்தைப் பார்த்துவிட்டு வந்தான்.

"இதை வெட்டிவிட்டு
ரெண்டு குழாயையும் ஒண்டாக் கொழுவினாச் சரி.
இங்க ஆருக்கு ஹீற்றர்?
பஞ்சிகாவத்தையில எடுப்பிக்கிறதெண்டால் ஒரு கிழமை.
காசும் கிடக்கு."
நியாயமான கதைதான்.
ஆனால் மட்டை சொல்லாததை,
சீமெந்து சொல்லாததைச்
சொன்னது இந்த வேண்டாத சாமான்.
அடுத்தமுறை எதைத் திருகிக் கேட்பேன்?
"பூட்டுங்கோ" என்றேன்.

உள்ளே கழுவிக் கழுவி ஊற்ற
சுண்ணாம்பாய் வந்தது எங்கள் கிணறு.
இனிப் பச்சைக் கூலன்றும்
காய்ச்சி வடித்த தண்ணீரும் மட்டும்.
கடையில்தான் வாங்கினேன், லாப்பில் இல்லை,
சத்தியமாய்.

எட்டாம் நாள் மத்தியானம், வல்லைப் பாலம்.
நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டுக்
குமிழைச் சிவப்புக்குத் திருகினேன்.
முழங்காலில், தாடையில்
தோசைக்கல்லின் மூச்சு.
முந்திக்கொண்டு போன பஸ்ஸின் மிதிபலகையில் நின்ற கொண்டக்ரர்
திரும்பித் திரும்பிப் பார்த்தான்,
வேர்த்து வழிய, கண்மை கரைய
ஒருத்தி தனியாய்ச் சிரித்துக்கொண்டு வருவதை.
முள் பாதியில் படுத்திருந்தது.