எட்டுப் பூஜ்யம்

ஜூலையில் மொண்டேவிடேயோ குளிரில் ஒடுங்கும்.
ஆறாம் மாடி. துறைமுகக் காற்றில்
ஜன்னல் சட்டம் கடகடக்கிறது.
ஃபிளாஸ்க்கைக் கக்கத்தில் இடுக்கியபடி
ஒற்றைக் கையால் தட்டச்சு செய்கிறான் யமாந்து.
ஓய்வூதிய நிதியத்தின் கோபோல் நிரலை
ஜாவாவுக்கு மாற்றும் பதினான்காவது மாதம்.

பழைய மொழி பெரிய எழுத்தில் மட்டுமே பேசும்,
காது மந்தமானவர் இருக்கும் வீடுபோல.
'நகர்த்து' என்று அது சொன்னால் எதுவும் நகராது;
இங்கிருந்தது இங்கேயே இருக்க
அங்கேயும் ஒன்று இருக்கும்.
இது புரியவே எனக்கு ஒரு வாரம்.
வாக்கியம் முடிந்தால் அதில் முற்றுப்புள்ளி,
புதியதில் அரைப்புள்ளி.
புள்ளிகளுக்கு வால் முளைக்க வைக்கிற உத்தியோகம்
என்று தங்கையிடம் சொல்லியிருக்கிறேன்.

இரண்டு நிரலையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டோம்.
மூன்று லட்சத்துப் பதினாறாயிரம் பேர்.
ஒரு காசு பிசகவில்லை,
ஒருத்தியைத் தவிர.
பழையது அவளுக்குப் பணம் தருகிறது.
புதியது மறுக்கிறது:
கணவர் இறந்த தேதி செல்லாது.

தேதியைத் திறந்து பார்த்தேன்.
எட்டுப் பூஜ்யம்.
பூஜ்யமாம் ஆண்டு, பூஜ்யமாம் மாதம்,
பூஜ்யமாம் நாள்.
அப்படி ஒரு நாள் விடிந்ததே இல்லை என்கிறது ஜாவா.
நியாயம்தான்.

"குப்பைத் தரவு. தூக்கிடு" என்றான் யமாந்து.
தூக்கியிருப்பேன்.
பழைய நிரலின் நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டாம் வரியில்
கூட்டத்தில் ஒருத்தியை மட்டும் பேர் சொல்லிக் கூப்பிடுவதுபோல்
அவள் எண் இருந்தது:
இந்த எண் என்றால் சான்றிதழைப் பார்க்காமல் தாண்டிப் போ.
மேலே ஒரு குறிப்பு.
சரிதான். கேட்க வேண்டாம். எ.பி., 1979.

எழுபத்தொன்பது.
யமாந்து ஃபிளாஸ்க்கைக் கீழே வைத்தான்.
அந்த வருடங்களில்
ஆட்களைக் கூட்டிப் போனவர்கள்
சான்றிதழ் எதுவும் கொடுத்தனுப்பவில்லை.
சான்றிதழ் இல்லாமல் விதவை இல்லை,
விதவை இல்லாமல் ஓய்வூதியம் இல்லை.
வாசலில் சிப்பாய் நின்ற கட்டடத்துக்குள்
யாரோ ஒரு எ.பி.
ஒற்றை வரியில் ஒரு கதவைச் செருகிவிட்டு
மதியச் சாப்பாட்டுக்குப் போயிருக்கிறார்.
மறக்காமல் முற்றுப்புள்ளியும் வைத்திருக்கிறார்.
அந்த மொழியின் இலக்கணம் அப்படி.

கோப்பில் தொலைபேசி எண் இருந்தது.
ஓடிலியா பெருட்டி, வயது தொண்ணூற்றொன்று.
எடுத்ததும் கேட்டார்:
"நிறுத்திட்டாங்களா?"
"இல்லைங்க. மொழி மாத்துறோம், அவ்வளவுதான்."
கொஞ்ச நேரம் வானொலிச் சத்தம்.
"எதுலேருந்து எதுக்கு?"
சொன்னேன். என்ன புரிந்ததோ.
"மாத்துங்க. ஆனா அவர் செத்துட்டார்னு எழுதிடாதீங்க.
நான் இதுவரைக்கும் எழுதித் தரலை."

ஜாவாவில் 'ஒன்றுமில்லை' என்பதற்கு ஒரு சொல் உண்டு.
போட்டால் நிரல் ஓடும்.
போட்டேன். அழித்தேன்.
ஒன்றுமில்லை என்பதற்கா ஒருத்தி
நாற்பது வருடத்துக்கு மேல் கையெழுத்து மறுத்தாள்?

முற்றாத வினைக்கு எச்சம் என்று பெயர்.
தேதிக்கும் அப்படி ஒரு வகையை நானே அறிவித்தேன்.
அதைக் கூட்ட முடியாது, கழிக்க முடியாது,
எந்தத் தேதிக்கும் அது முன்னும் இல்லை பின்னும் இல்லை.
மாதம் பிறந்தால் பணம் மட்டும் போகும்.
யமாந்து இருமுறை படித்துவிட்டு
ஒன்றும் சொல்லாமல் ஒப்புதல் தந்தான்.
அவனும் ஒன்றும் கேட்கவில்லை என்பது
அப்புறம்தான் உறைத்தது.

குறிப்பையும் மாற்றினேன், ஒரு சொல் மட்டும்.
சரிதான். கேட்க வேண்டும்.

இரண்டையும் மறுபடி ஓடவிட்டோம்.
வித்தியாசம் பூஜ்யம் என்றது திரை.
ஒன்பதாவது.