பொட்டு வராத எட்டு

ஆயர் ஈத்தாம் லோங்காங்கில் ஒரு வாளி,
ஜெலுத்தோங் லோங்காங்கில் ஒரு வாளி.
இரண்டிலும் கப்பி மீன்.
சோப்பு நுரை, நாசி கண்டார் கடை எண்ணெய்,
மழை விட்டதும் மிதந்து வரும் ஒற்றைச் செருப்பு,
இவற்றுக்கு நடுவே நீந்தும்
ஆண்களுக்கு வாலோரம் ஒரு கறுப்புப் பொட்டு.
பார்த்துப் பிரிக்க முடியாது.
நான் வாளியில் பெயர் எழுத மறந்த திங்கட்கிழமையை
சுஹைலா இன்னும் மன்னிக்கவில்லை.

குளுகோர் ஆய்வுக்கூடத்தில்
மீன் அறையின் விளக்கு மாற்ற வந்த பரஞ்சோதி
ஏணியிலிருந்தே கேட்டான்:
மரபணு என்றால் தலையெழுத்துதானே?
எழுத்து கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் சுவிட்ச் என்றேன்.
ஒன்று இன்னொன்றைத் தட்டும்,
அது மூன்றாவதை அமுக்கும்,
எங்கோ கடைசியில் ஒரு பொட்டு விழும்.
"யார் வயரிங் பண்ணது?"
யாருமில்லை.
"அப்ப எங்க ரைபிள் ரேஞ்ச் ஃபிளாட் மாதிரி."

அவர்கள் பிளாக்குக்கு இரண்டு தண்ணீர் மோட்டார்.
ஒன்று செத்து நாலு வருஷம்.
குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்ததால்
அதற்குத் துக்கம் கேட்க ஆளில்லை.
சீனப் பெருநாள் வாரத்தில் மற்றதும் நின்றபோதுதான்
மாடி மாடியாக வாளிகள் இறங்கின.

இந்த மீன்களின் முன்னோருக்கும்
ஒரே பொட்டுக்கு இரண்டு வழி இருந்திருக்க வேண்டும்.
மூன்று மாதத்துக்கு ஒரு தலைமுறை.
ஆயர் ஈத்தாமில் முதல் வழி எப்போதோ அறுந்தது.
அறுந்ததைச் சுமந்தவை பெருகின,
நல்லது என்பதால் இல்லை,
கெட்டது என்று கண்டுபிடிக்க யாரும் இல்லாததால்.
ஜெலுத்தோங்கில் அறுந்தது இரண்டாவது.
பெட்டைகள் பொட்டைப் பார்த்தன.
கம்பியைப் பார்க்கவில்லை.

இதெல்லாம் அன்று எனக்குத் தெரியாது.
இரண்டு வாளியையும் கலந்தோம்.
பிறந்த அத்தனை ஆணுக்கும் பொட்டு.
வேறுபாடில்லை என்று எழுதிவிட்டுத்
தேத்தாரே குடிக்கப் போய்விட்டேன்.
சுஹைலாதான் பிடிவாதமாக
இன்னொரு தலைமுறை என்றாள்.

பேரக்குஞ்சுகள்.
அடித்துடுப்பு கூராகி ஆண் என்று தெரிந்தவை
நூற்று நாற்பத்தொன்பது.
எண்ணினேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டுத்
திரும்பவும் எண்ணினேன்.
எட்டுக்குப் பொட்டு இல்லை.
பதினாறில் ஒன்று என்ற கணக்கு ஒன்பதைக் கேட்டது;
பரவாயில்லை, மீன்கள் கணக்குப் படித்தவையல்ல.

தாத்தாக்கள் எல்லாருக்கும் இருந்தது,
அப்பாக்கள் எல்லாருக்கும் இருந்தது.
எந்த வீட்டிலும் விளக்கு அணையவில்லை.
ஆனால் அந்த அறுந்ததும் இந்த அறுந்ததும்
ஒரே உடம்பில் வந்து சேர்ந்துவிட்டன.
ஒரு லோங்காங்குக்கும் இன்னொன்றுக்கும் நடுவே
எவ்வளவு தூரம் வளர்ந்திருந்தது என்று
அந்த வெற்று வாலோரத்தில்தான் முதன்முதலாகத் தெரிந்தது.

எட்டையும் தனித்தொட்டியில் விட்டேன்,
ஜெலுத்தோங் பெட்டைகள் ஆறோடு.
நாள் முழுக்க அவை திரும்பிப் பார்க்கவில்லை.
வெளியே மழை பிடித்து
கால்வாய் பொங்கும் சத்தம் கேட்க ஆரம்பித்தபோது
ஒருத்தி மட்டும் மெல்லத் திரும்பினாள்,
பொட்டில்லாத ஒன்றின் பக்கம்.

நேரம் என்ற கட்டத்தில் 4.10 என்று எழுதினேன்.
காரணம் என்ற கட்டத்தை
அப்படியே விட்டேன்.